வீட்டுப் பதிவில் பாடகர் குழு ஒலி: உயிரோட்டம் வருவதற்கு என்ன வழி?

கேள்வி (பாளையங்கோட்டை):
அனைவருக்கும் வணக்கம். எங்கள் சபையின் அசனப் பண்டிகைக்காக (சபையார் கூடி உண்ணும் விருந்து விழா) ஒரு துதிப் பாடலை எழுதி, மேலிருந்து கீழாக சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ் என நான்கு குரல்களுக்கும் பிரித்து, வீட்டிலேயே பதிவு செய்து வருகிறேன். பாடகர் குழு ஒலிக்கு ஒரு சாம்பிள் லைப்ரரியை (முன்பே பதிவான குரல்களைக் கீபோர்டு வழியாக ஒலிக்கச் செய்யும் மென்பொருள்) பயன்படுத்தி, நான்கு குரல்களையும் ஒரே ட்ராக்கில் இரு கைகளாலும் வாசித்தேன். சுருதியிலும் தாளத்திலும் பிசகில்லை. ஆனாலும் மனிதர்கள் பாடுவதாகத் தோன்றாமல் ஆர்கன் போலவே ஒலிக்கிறது. ஊசிக்கோபுர ஆலயத்தில் பாடகர் குழுவை நேரில் கேட்டு வளர்ந்தவன் என்பதால் இந்தக் குறை மிகவும் உறுத்துகிறது. ஒரு கண்டென்சர் மைக் இருக்கிறது. நன்றாகப் பாடும் நான்கைந்து பேரை அழைக்கவும் முடியும். எங்கிருந்து திருத்தத் தொடங்குவது என்று அண்ணாச்சிமார் யாராவது விளக்க வேண்டுகிறேன்.

பதில் (நாசரேத்):
தம்பி, முதலில் அந்த ஒற்றை ட்ராக்கை நான்காகப் பிரியுங்கள். இத்தகைய லைப்ரரிகளில் ஒரு சுரத்தை அழுத்தினாலே பலர் சேர்ந்து பாடிய பதிவுதான் ஒலிக்கும். முழுக் குழுவின் ஒலியில் நான்கு சுரங்களைச் சேர்த்து அழுத்தினால் ஆள்கணக்கு நான்கு மடங்காகி, எந்தக் குரலும் தனியாகத் தெரியாது. ஒவ்வொரு குரலையும் அதற்குரிய பிரிவின் ஒலியில் தனியாக வாசியுங்கள், குவாண்டைஸ் (சுரங்களைக் கணினி தாளக் கட்டத்தில் துல்லியமாகப் பொருத்துவது) செய்யாதீர்கள். கீபோர்டில் உள்ள மாட் வீல் என்ற சக்கரம் ஒரே நிலையில் நிற்கக் கூடாது. பல லைப்ரரிகளில் அது ஒலியளவை மட்டுமல்லாமல், மென்மையாகப் பாடிய பதிவுக்கும் உரக்கப் பாடிய பதிவுக்கும் இடையே குரலின் நிறத்தையே மாற்றுகிறது.

பதில் (சாயர்புரம்):
அண்ணாச்சி சொன்னது சரி. ஆனால் என் கருத்தில் உயிரோட்டம் பெரும்பாலும் மெய்யெழுத்துகளில்தான் இருக்கிறது. லைப்ரரிக்கு ‘ஆ’, ‘ஊ’, ‘ம்’ போன்ற ஒலிகள் தெரியும். தமிழ்ச் சொல் தெரியாது. ‘துதிப்போம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ‘ப்’ வரும் இடத்தில் குழு முழுவதும் உதட்டை மூடுவதால் ஒரு கணம் ஒலி அற்றுப்போய், அடுத்த ‘போ’ அழுத்தத்துடன் வெடிக்கிறது. இறுதி ‘ம்’ வாய் மூடிய ரீங்காரமாக நீள்கிறது. லைப்ரரியோ அந்த இடைவெளியிலும் ‘ஆ’ என்று ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆகவே ‘ப்’ விழும் இடத்தில் மிடி சுரத்தை (கீபோர்டில் வாசித்ததன் கணினிக் குறிப்பு) வெட்டி, ‘ம்’ வரும் இடத்தில் ‘ம்’ ஒலிப் பதிவுக்கு மாற்றுங்கள்.

சொற்களைச் சுமக்கும் பொறுப்பை உங்கள் நான்கைந்து பேரிடம் விடுங்கள். கூட்டத்தின் பருமனை மட்டும் லைப்ரரி தரட்டும். அவர்களை மைக்கிலிருந்து ஒரு மீட்டருக்கும் மேல் தள்ளி நிறுத்தி, ஒவ்வொரு முறை பாடும்போதும் இடம் மாறச் சொல்லுங்கள். ஒரே ஆள் எட்டு முறை பாடி அடுக்கினால் ஒரே தொண்டையின் நிறமே குவிந்து செயற்கையாகிவிடும். வெவ்வேறு ஆட்கள் இருமுறை பாடுவது அதைவிட மேல். ‘ச’, ‘ஸ்’ ஆகியவற்றை இருவர் மட்டும் தெளிவாக உச்சரித்து, மற்றவர்கள் மெதுவாக விட்டால் சீறல் சிதறாது.

பதில் (இடையன்குடி):
எதிரொலியைப் பற்றியும் ஒரு சொல். லைப்ரரிக்கு ஒரு ரிவெர்பும் (செயற்கை எதிரொலி) நேரடிக் குரல்களுக்கு வேறொன்றும் வைத்தால் இரு கூட்டங்கள் இரு கட்டடங்களில் நிற்பதாகத் தோன்றும். லைப்ரரியோடு வரும் ரிவெர்பை முடிந்தவரை குறைத்து, அனைத்தையும் ஒரே கன்வல்யூஷன் ரிவெர்புக்கு (உண்மையான ஓர் இடத்தின் எதிரொலிப் பதிவைக் கொண்டு இயங்குவது) அனுப்புங்கள். ஆயரிடம் அனுமதி பெற்று, ஆலயம் காலியாக இருக்கும்போது மின்விசிறிகளை நிறுத்தி, ஒரு பெரிய பலூனை உடைத்துப் பதிவு செய்தால், உங்கள் ஆலயத்தின் எதிரொலியையே ஓரளவு அதற்கு ஊட்டலாம். ப்ரீ-டிலே (குரலுக்கும் எதிரொலி தொடங்குவதற்கும் இடையிலான நேரம்) 20 முதல் 30 மில்லிவினாடி வரை இருந்தால் சொற்கள் மங்காது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. எங்களிடம் பாஸ் பாடுபவர் இல்லை. டெனர் குரலைக் கணினியில் கீழிறக்கலாமா?

பதில் (சாயர்புரம்):
ஃபார்மண்ட் (குரலின் நிறத்தைத் தரும் அதிர்வெண் பகுதிகள்) மாறாமல் ஓரிரு அரைச்சுரம் வரை இறக்கலாம். அதற்கும் கீழே போனால் குரல் இயல்பு கெட்டுவிடும். பாஸை லைப்ரரியிடமே விடுங்கள். சொற்களின் தெளிவைச் செவி பெரும்பாலும் மேல் குரல்களிலேயே தேடும்.