பையில் அடங்கும் மேக்ரோ (நெருங்கி எடுக்கும் படம்): சேலத்திலும் ஏற்காட்டிலும் நீங்கள் நெருங்கிப் பார்த்தவை

கன்னங்குறிச்சியிலிருந்து:

பூச்சி, சிலந்தி, பூ என்று கிட்டப்போய்ப் படம் எடுக்கிறவர்கள் இங்கே பல பேர் இருக்கிறீர்கள். எதைப் பார்த்தீர்கள், அது என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுதுங்கள், கேமரா விவரம் கொஞ்சம் இருந்தால் போதும். நான் ஆரம்பிக்கிறேன்.

என்னிடம் இருப்பது ஒலிம்பஸ் இ-எம்5 மார்க் 3, அதில் 60 மிமீ மேக்ரோ லென்ஸ். பேட்டரியோடு கேமரா 414 கிராம், லென்ஸ் 185 கிராம். வேலைக்குப் போகிற பையிலேயே சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் கிடக்கும். எடை குறைவு என்பதை நான் தோள் வலிக்காக மட்டும் சொல்லவில்லை. மேக்ரோவில் இடது கை இலைக்காம்பைப் பிடிக்க வேண்டும், அதே கையின் மேல் லென்ஸைச் சாய்த்து வைத்துக்கொண்டு வலது கையால் எடுக்க வேண்டும், அப்போதுதான் காற்றில் இலை ஆடினாலும் கேமராவும் கூடவே ஆடும், ஃபோகஸ் தவறாது. இதைக் கனமான கேமராவோடு ரொம்ப நேரம் செய்ய முடியாது.

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு மாந்தோப்பில் முசுறு எறும்புகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. ஒரு கூட்டம் இரண்டு இலைகளின் விளிம்பை இழுத்துச் சேர்த்துப் பிடித்துக்கொள்ள, வேறு சில எறும்புகள் தங்கள் புழுக்களை வாயில் கவ்வி எடுத்து வந்து, இந்த விளிம்பில் ஒரு தொடுதல், அந்த விளிம்பில் ஒரு தொடுதல் என்று மாற்றி மாற்றி வைத்தன. புழு விடுகிற பட்டு இழைதான் இலைகளை ஒட்டுகிறது. வளர்ந்த எறும்புக்குப் பட்டு நூற்கத் தெரியாது, அதனால் குழந்தையைத் தூக்கி வந்து தைக்கிறது! வெறும் கண்ணுக்கு வெள்ளையாக ஏதோ அசைவது மட்டும்தான் தெரியும்.

அந்தக் கூட்டத்துக்குச் சற்றுத் தள்ளி ஒன்று தனியாக நின்றது. அதே செம்பழுப்பு நிறம், அதே ஒடுங்கிய இடுப்பு, அதே அவசர நடை. வ்யூஃபைண்டரில் பெரிதாக்கியதும் முகத்தில் இரண்டு பெரிய கண்கள் நேராக என்னைப் பார்த்தன. எறும்புக்கு ஏது அப்படி முன்பக்கக் கண்? எறும்பு வேஷம் போடுகிற குதிக்கும் சிலந்தி அது, அறிவியல் பெயரில் மிர்மாபிளாட்டா. எட்டுக் கால்களில் முன்கால் இரண்டையும் தூக்கி உணர்கொம்பு மாதிரி ஆட்டிக்கொண்டே நடக்கிறது. ஆணுக்கு வாய்ப்பகுதி முன்னால் நீண்டிருப்பதால், ஓர் எறும்பு இன்னோர் எறும்பைச் சுமந்து போகிற மாதிரியே இருக்கும். நான் பார்த்தது ஆண். நிஜ எறும்பு எதிரே வந்தால் ஒதுங்கிக்கொள்கிறது, ஒதுங்க இடமில்லை என்றால் இழையைப் பிடித்துக் கீழே தொங்கிவிடுகிறது. அன்றைக்கு வேலைக்குத் தாமதமாகப் போனது பற்றி இன்றும் வருத்தமில்லை.

என் கேமராவில் இருப்பது சின்ன சென்சார் (படம் பதிகிற சில்லு) என்று குறைத்துப் பேசுவார்கள். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்ற இந்த வகைச் சென்சார் 17.3 × 13 மிமீ, அதனால் 1:1 வைத்தால், அதாவது பொருளின் நிஜ அளவிலேயே பிம்பம் சென்சாரில் விழுந்தால், அந்த அளவுள்ள இடம் படம் முழுக்க நிறையும். ஃபுல் ஃபிரேம் என்கிற பெரிய சென்சாரில் அதே நிறைவு வேண்டுமானால் இருமடங்கு உருப்பெருக்கம் தேவை. ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான எறும்புக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நினைத்துப் பாருங்கள்.

ஏற்காடு, காபித் தோட்டம்:

அண்ணா, வணக்கம். நான் இங்கே ஒரு காபி எஸ்டேட்டில் வேலை பார்க்கிறேன். என்னிடம் ஒலிம்பஸ் டிஜி-6 இருக்கிறது, 253 கிராம்தான், சட்டைப் பையிலேயே போகும், மழையில் நனைந்தாலும் கவலையில்லை. மைக்ரோஸ்கோப் மோடில் லென்ஸிலிருந்து 1 செ.மீ. தூரத்தில்கூட ஃபோகஸ் ஆகும். அவ்வளவு கிட்டப் போனால் கேமரா நிழலே விழும், அதற்கு லென்ஸைச் சுற்றி மாட்டுகிற லைட் வளையம் வாங்கிக்கொண்டேன்.

எனக்கு மறக்காத ஒன்று காய்த்துளைப்பான். காபிப் பழத்தின் நுனியில் குண்டூசி குத்தின மாதிரி ஓட்டை இருந்தால் உள்ளே அது இருக்கும். வண்டு 2 மி.மீ. கூட வராது, கறுப்புப் புள்ளிதான். ஒரு பழத்தில் ஓட்டை வாசலில் வெள்ளையாக ஏதோ பஞ்சு ஒட்டியிருந்தது. படம் எடுத்துப் பெரிதாக்கினால், வண்டு பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகச் செத்துக் கிடக்கிறது, அதன் உடம்பு முழுக்கப் பூஞ்சை முளைத்திருக்கிறது. பிவேரியா பூஞ்சையைத் தோட்டத்தில் தெளிப்பார்கள், அது வண்டின் மேல்தோலைத் துளைத்து உள்ளே வளர்ந்து கொன்று பிறகு வெளியே வரும் என்று சொல்லிக் கேட்டதுதான். கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். கூட வேலை செய்கிற அக்காமார் எல்லாரும் திரையைச் சுற்றி நின்று பார்த்தார்கள். அதிலிருந்து ஓட்டை விழுந்த பழத்தை யாரும் கீழே விட்டுவிட்டுப் போவதில்லை, பொறுக்கித் தனியாகப் போடுகிறார்கள். சொல்லிச் சொல்லி நடக்காதது ஒரு படத்தில் நடந்தது.

இன்னொன்று. ஏற்காட்டில் எடுக்க வருகிறவர்கள் விடியற்காலையிலேயே வாருங்கள். மேலே ஏறக்குறைய 1500 மீட்டர் உயரம், பனிமூட்டத்தில் பூச்சிகளின் உடம்பு சூடேறாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கும், ஊசித்தும்பி மேல் முழுக்க பனித்துளி நிற்கும். வெயில் ஏறியதும் ஒன்றும் பிடிபடாது. சேர்வராயன் கோயில் பக்கம் புல்வெளியில் இது நன்றாகக் கிடைக்கும். பூச்சியைப் பிடித்து ஃபிரிட்ஜில் வைத்துக் குளிரவைத்து எடுக்கிறார்கள் சிலர், அது தயவுசெய்து வேண்டாம்.

அஸ்தம்பட்டி, மாடித்தோட்டம்:

நான் எங்கும் போனதில்லை தம்பி, என் காடு மாடியில் உள்ள கறிவேப்பிலைத் தொட்டிதான். பழைய பானசோனிக் கேமரா, 45-150 மிமீ ஜூம் லென்ஸ், அதன் முன்னால் மாட்டிக்கொள்கிற ரேனாக்ஸ் 250 என்ற உருப்பெருக்கும் கிளிப் லென்ஸ். தனி மேக்ரோ லென்ஸ் வாங்க வசதியில்லாதவர்கள் இதை யோசியுங்கள். ஜூமை 150-இல் வைத்தால் 1:1-ஐக் கொஞ்சம் தாண்டும், பூச்சிக்கும் லென்ஸுக்கும் ஒரு சாண் இல்லாவிட்டாலும் அரைச் சாண் இடைவெளி கிடைக்கும்.

எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி துளிர் இலையில் முட்டை வைக்கும், 1 மி.மீ. உருண்டை, வெளிர் மஞ்சள். பொரிக்கிற நேரத்தில் உள்ளே புழுவின் கறுத்த தலை தெரிந்ததை எடுத்திருக்கிறேன். வெளியே வந்ததும் அது முதலில் தின்றது தன் முட்டை ஓட்டை! சின்னப் புழு காக்கா எச்சம் மாதிரி கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும், பறவை தொடாது. கடைசித் தோலுரிப்புக்குப் பிறகு பச்சையாகிவிடும். லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரட்டைக் கொம்பு மாதிரி ஒன்றை நீட்டும், ஒரு நெடி வரும். என் மாமியார் முன்பெல்லாம் புழுவைக் கண்டால் மருந்தடிக்கச் சொல்வார். இப்போது "இன்னைக்கு எத்தனை இருக்கு, காட்டு" என்று அவரே கேட்கிறார். கறிவேப்பிலை கொஞ்சம் குறைகிறது, அதனால் என்ன, இரண்டாவது தொட்டி வைத்துவிட்டோம்.

அழகாபுரத்திலிருந்து:

சார், ஒரு சந்தேகம். கண் தெளிவாக வந்தால் கால் மங்குகிறது, கால் வந்தால் கண் போகிறது. என்ன செய்வது?

கன்னங்குறிச்சியிலிருந்து:

அது எல்லாருக்கும் உள்ளதுதான் நண்பரே. 1:1-இல் லென்ஸ் துளையைச் சுருக்கி எஃப் 8 வைத்தாலும் தெளிவாக விழுகிற ஆழம் அரை மில்லிமீட்டர் அளவுதான். அசையாத பூச்சி என்றால் கேமராவிலேயே ஃபோகஸ் ஸ்டாக்கிங் போடுங்கள், முன்னிருந்து பின்னாக வரிசையாக எடுத்து அதுவே ஒன்றாக்கிவிடும், ஓரம் கொஞ்சம் வெட்டுப்படும் என்பதால் இடம் விட்டு எடுங்கள். ஓடுகிற பூச்சி என்றால் ஸ்டாக்கிங் ஆகாது, பக்கவாட்டில் உடம்பு லென்ஸுக்கு இணையாக வருகிற மாதிரி நின்றுகொள்ளுங்கள், கண் மட்டும் தெளிவாக இருந்தால் போதும். எஃப் 16 வரை ஏற்றாதீர்கள், ஆழம் கூடும் ஆனால் எல்லாமே மசமசவென்று ஆகிவிடும். அப்புறம் வெளிச்சம். கேமராவோடு வந்த குட்டி ஃபிளாஷுக்கு முன்னால் பொருள் சுற்றி வருகிற வெள்ளை ஃபோம் ஷீட்டை வளைத்து ஒட்டுங்கள், வண்டின் பளபள முதுகில் வெள்ளைத் திட்டு விழாமல் இருக்கும்.

அக்கா, அந்த முட்டைக்குள் தலை தெரிகிற படத்தை இங்கே போடுங்கள், பார்க்க வேண்டும். ஏற்காட்டுத் தம்பி, மார்ச், ஏப்ரலில் பூ மழை விழுந்ததும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். மழைக்குப் பிறகு எட்டு, பத்து நாளில் காபி பூக்கும், பூ மூன்று நான்கு நாளைக்கு மேல் நிற்காது. தேனீக்கள் வருகிற அந்த நேரத்துக்கு நான் முதல் பஸ்ஸிலேயே ஏறி வந்துவிடுகிறேன்.