ஃப்ளாண்ட் போடலாமா, ஷோ ஆஃப் போதுமா? சேலைக் கையேட்டுக்கு உதவி வேண்டும்

தறிவீட்டுப்பெண்:
வணக்கம். காஞ்சிபுரத்தில் எங்கள் தெரு நெசவாளர்கள் சேர்ந்து, வெளிநாட்டில் சேலை வாங்குபவர்களுக்காக ஆங்கிலத்தில் ஒரு சின்னக் கையேடு போடுகிறோம். எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. வரிக்கு வரி 'ஷோ' வருகிறதே என்று இணைச்சொல் அகராதியைத் திறந்தேன். ஃப்ளாண்ட், டிஸ்ப்ளே, எக்ஸிபிட், பரேட், பிராண்டிஷ், ஸ்போர்ட், போஸ்ட் (தபால் இல்லை, பெருமை பேசுவது), வாண்ட் ('வேண்டும்' இல்லை, பெரிதாகப் புகழ்வது) எல்லாம் ஒரே வரிசையில் கிடக்கின்றன. இப்போதைக்கு எழுதி வைத்திருப்பது:

"அவர் வீவர்ஸ் ஃப்ளாண்ட் தேர் ஸ்கில் இன் எவ்ரி சாரி."
"த பார்டர் பிராண்டிஷஸ் டெம்பிள் மோட்டிஃப்ஸ்."
"வி ஷோ ஆஃப் இட் வித் ப்ரைட்."

முதல் வரி உறுத்துகிறது, ஏனென்று சொல்லத் தெரியவில்லை. சினிமாச் செய்திகளில் 'ஃப்ளாண்ட்ஸ் ஹெர் சில்க் சாரி' என்று அடிக்கடி வருகிறதே, அப்படியானால் சரிதானே? அச்சுக்குப் போகும் முன் யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.

பழைய ஆங்கில வாத்தியார்:
உறுத்தியது நியாயம்தான் அம்மா. ஃப்ளாண்ட் என்றால் வெறுமனே காட்டுவது இல்லை. 'பார், வயிறெரிந்தாலும் எனக்கென்ன' என்ற மிதப்பும் அதில் கூடவே வரும். 'ஃப்ளாண்ட் ஹிஸ் வெல்த்' என்று ஒருவர் எழுதினால், அந்தப் பணக்காரரை எழுதியவருக்குப் பிடிக்கவில்லை என்பதும் நமக்குத் தெரிந்துவிடும். சினிமாப் பக்கங்களில் அது ஆளை இழுக்கிற சொல். அங்கேயும் நடிகை தன்னைத் தானே காட்டிக்கொள்கிறார் என்ற பொருள்தான். கையேட்டில் அதைப் படிக்கிற லண்டன்காரர் காதில் 'எங்கள் நெசவாளர்கள் சேலைக்குச் சேலை பீற்றிக்கொள்கிறார்கள்' என்றுதான் விழும். தறியில் குனிந்து உட்கார்ந்து உழைக்கிறவர்களைப் பற்றி அப்படி ஒரு வரி வரக்கூடாது.

அகராதி வரிசை உங்களுக்குச் சொல்லாத ஒன்று: எழுவாய் யார் என்று பாருங்கள். மனிதர் தன் பெருமையைத் தானே காட்டினால் பெரும்பாலும் தற்பெருமை வாடை வந்துவிடும். பொருளை எழுவாயாக்கினால் வராது. 'ஹி இஸ் ஷோயிங் ஆஃப்' திட்டு. 'த பிளெயின் பாடி ஷோஸ் ஆஃப் த பார்டர்' பாராட்டு. சேலையின் வேலைப்பாடில்லாத உடல் பகுதி கரையை எடுத்துக்காட்டுகிறது, அவ்வளவுதான். போஸ்ட்டும் அப்படியே. ஆள் செய்தால் ஜம்பம். 'காஞ்சிபுரம் போஸ்ட்ஸ் மெனி ஓல்ட் டெம்பிள்ஸ்' என்றால் ஊருக்கு மரியாதை.

மொழிபெயர்ப்புத் தொழிலாளி:
வாத்தியார் சொன்னதோடு இரண்டு விஷயம்.

பிராண்டிஷை எடுத்துவிடுங்கள் அக்கா. அது வாளைக் குறித்த ஒரு பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. கையில் பிடித்து ஓங்கக்கூடிய பொருளோடுதான் வரும்: கத்தி, துப்பாக்கி, கோபத்தில் ஆட்டிக் காட்டும் ஒரு காகிதம். கோபுரக் கரைக்கு ஒட்டவே ஒட்டாது.

மூன்றாவது வரியில் இலக்கணமே இடிக்கிறது. 'இட்', 'தெம்' போன்ற சுட்டுப்பெயர் வந்தால் நடுவில்தான் உட்காரும்: 'ஷோ இட் ஆஃப்'. 'ஷோ ஆஃப் இட்' கிடையாது. பெயர்ச்சொல் என்றால் இரண்டு இடமும் சரி: 'ஷோ ஆஃப் த சாரி', 'ஷோ த சாரி ஆஃப்'. ஆனாலும் அங்கே எழுவாய் 'வி'. வாத்தியார் சொன்ன வாடை அடிக்கும்.

ஸ்போர்ட் விளையாட்டுத்தனமான சொல். புது மீசையோடு வருகிற கல்லூரிப் பையனுக்குப் பொருந்தும். முகூர்த்தப் பட்டுக்கு வேண்டாம்.

போட்டித்தேர்வு தம்பி:
நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும் சார். ஃப்ளாண்ட், ஃப்ளவுட் இரண்டும் ஒன்றா? மாதிரித் தாளில் 'ஃப்ளாண்ட் த ரூல்ஸ்' தவறு என்று போட்டிருந்தார்கள்.

பழைய ஆங்கில வாத்தியார்:
இல்லை தம்பி. ஃப்ளவுட் என்பது விதியைத் தெரிந்தே மதிக்காமல் மீறுவது. 'ஃப்ளவுட் த ரூல்ஸ்' என்பதே சரி. ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்கள்கூட இதைக் குழப்புவார்கள். மெரியம் வெப்ஸ்டர் அகராதி அந்தக் கலப்பையும் பதிவு செய்திருக்கிறது. தேர்வில் மட்டும் பிரித்தே எழுது.

தறிவீட்டுப்பெண்:
மிக்க நன்றி சார், நன்றி மொழிபெயர்ப்புத் தம்பி. மாற்றிவிட்டேன்:

"எவ்ரி சாரி ஷோகேஸஸ் அவர் வீவர்ஸ் ஸ்கில்."
"த பிளெயின் பாடி ஷோஸ் ஆஃப் த டெம்பிள் பார்டர்."

மூன்றாவது வரியை எடுத்துவிட்டேன். ஷோகேஸ் சரியா? டிஸ்ப்ளே, எக்ஸிபிட் இன்னும் பொருத்தமாக இருக்குமா?

மொழிபெயர்ப்புத் தொழிலாளி:
ஷோகேஸ் நன்றாகவே இருக்கிறது. முதலில் கண்ணாடிப் பெட்டிக்குப் பெயராக இருந்து பிறகு வினையானது, அதனால் சிறந்ததை எடுத்து முன்னால் வைக்கிற பொருள் இருக்கிறது. ஒரே ஒரு முறை போடுங்கள், விளம்பரக்காரர்கள் அதை அடித்துத் துவைத்துவிட்டார்கள். டிஸ்ப்ளே நிறமில்லாத சொல். மயில் தோகை விரிப்பதற்கும் அதுதான், கடை அலமாரிக்கும் அதுதான். எக்ஸிபிட் அருங்காட்சியகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் சரி. நோயாளியிடம் அறிகுறி தெரிகிறது என்று மருத்துவர் எழுதவும் அதே சொல்தான் என்பதால் சேலைப் பக்கத்தில் விறைப்பாக இருக்கும். பரேடிலும் பகட்டு வாடை உண்டு. வாண்ட் இன்றைக்கு 'மச் வாண்டட்' என்ற தொடரில்தான் மிச்சமிருக்கிறது, அதிலும் 'பெரிதாகச் சொன்னார்களே' என்ற சந்தேகம் ஒட்டியிருக்கும்.

பழைய ஆங்கில வாத்தியார்:
ஒன்று சொல்கிறேன் அம்மா. 'ஷோ' மூன்று இடத்தில் வந்தால் ஒரு குறையும் இல்லை. எதைக் காட்டுகிறோம் என்பதை எழுதினால் இணைச்சொல் தேடும் வேலையே குறைந்துவிடும். கோர்வைக் கரைக்கு, அதாவது உடலோடு கோர்த்து நெய்கிற கரைக்கு, மூன்று நாடா (ஷட்டில்) ஓடுகிறது, பக்கத்தில் இன்னோர் ஆள் உட்கார வேண்டியிருக்கிறது. 'ஸ்கில்' என்ற ஒற்றைச் சொல்லைவிட அது எவ்வளவோ பேசும். அதை எழுதுங்கள்.

தறிவீட்டுப்பெண்:
"த பார்டர் இஸ் வோவன் பை த்ரீ ஷட்டில்ஸ், பை டூ வீவர்ஸ் சிட்டிங் சைட் பை சைட்."
இப்படிப் போடலாமா சார்?

பழைய ஆங்கில வாத்தியார்:
அருமை. ஒரே திருத்தம்: நெய்கிறவருக்கு 'பை', கருவிக்கு 'வித்'. 'வித் த்ரீ ஷட்டில்ஸ், பை டூ வீவர்ஸ்'. அச்சுக்குக் கொடுத்துவிடுங்கள்.