எல்டிஎல் 118, சிஆர்பி 4.2: இரத்தக் குழாய் அடைப்புக்கு எது காரணம்?

கேள்வி:
மொத்தக் கொலஸ்ட்ரால் 202, எச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்) 36, ட்ரைகிளிசரைடு (இரத்தத்திலுள்ள இன்னொரு கொழுப்பு) 240, எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 118. அழற்சியை (இன்ஃப்ளமேஷன்) காட்டும் எச்எஸ்-சிஆர்பி சோதனை 4.2. எல்டிஎல் அப்படியொன்றும் அதிகமில்லையே? அழற்சியை மட்டும் அடக்கினால் போதாதா?

பதில் 1:
அந்த 118 அளந்த எண் அல்ல, கணக்குப் போட்டது: 202 − 36 − (240 ÷ 5). ட்ரைகிளிசரைடு ஏற ஏற இந்தக் கணக்கு பிசகும். 400-ஐத் தாண்டினால் செல்லவே செல்லாது. மொத்தத்திலிருந்து எச்டிஎல்லை மட்டும் கழித்துப் பாருங்கள்: 166. இரத்தக் குழாயின் சுவருக்குள் புகக்கூடிய எல்லாக் கொழுப்புத் துகள்களின் கொலஸ்ட்ராலும் இதில் அடக்கம். 166 நல்ல எண் இல்லை. முடிந்தால் அப்போ-பி (இந்தத் துகள் ஒவ்வொன்றிலும் ஒன்றே ஒன்று இருக்கும் புரதம்) பாருங்கள். துகள்களின் எண்ணிக்கையையே காட்டிவிடும்.

பதில் 2:
கொழுப்பா அழற்சியா என்ற கேள்வியே சரியில்லை. எல்டிஎல் துகள் குழாயின் உட்சுவரைக் கடந்து உள்ளே சிக்கிக்கொள்கிறது, அங்கேயே ஆக்சிஜனேற்றம் அடைகிறது. அதை அப்புறப்படுத்த வரும் வெள்ளணுக்கள் அளவுமீறி விழுங்கி, நுரைபோல் உப்பி, அங்கேயே சாகின்றன. அந்தக் குப்பையின்மேல் நார்த்திசு மூடிபோல் படர்கிறது. அழற்சி தணியாவிட்டால் வெள்ளணுக்கள் சுரக்கும் நொதிகள் இந்த மூடியை அரித்து மெலிய வைக்கும். அது கிழிந்தால் நிமிடங்களில் இரத்தம் உறையும். பாதிகூட அடைக்காத படிவு மாரடைப்பை உண்டாக்குவது இப்படித்தான்.

கேட்டவர்:
அப்படியானால் ட்ரைகிளிசரைடு சுவரில் படிவதில்லையா?

பதில் 2:
படிவது அதுவல்ல; அதைச் சுமந்து வரும் துகளின் மிச்சத்தில் உள்ள கொலஸ்ட்ரால்தான்.

பதில் 3:
சிஆர்பி அழற்சியின் அடையாளம்தான். படிவை உண்டாக்குவது அதுவல்ல என்றே மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் என்றால் ஆபத்து கூடுதல். ஆனால் சளி, ஈறு வீக்கம் இருந்தாலும் ஏறும். இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். அலகையும் கவனியுங்கள், சில ரிப்போர்ட்டில் டெசிலிட்டரில் 0.42 என்றிருக்கும்.

அழற்சிக்கும் பங்குண்டு என்பதை 2017-இல் கான்டோஸ் ஆய்வு நிரூபித்தது: அழற்சியை அடக்கும் கனகினுமாப் என்ற மருந்து எல்டிஎல்லைக் குறைக்காமலே மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றைச் சுமார் 15% குறைத்தது. ஆனால் உயிர்பறிக்கும் தொற்று சற்றுக் கூடியது. அதில் சேர்ந்தவர்கள் ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்கள், பெரும்பாலோர் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையும் எடுத்துவந்தார்கள். ஆக, ஸ்டாட்டினுக்கு மாற்று என்று அதைக் காட்ட முடியாது. ஸ்டாட்டின் எல்டிஎல்லோடு சிஆர்பியையும் இறக்கும்.

அழற்சியைக் குறைக்கும் மருந்து என்று நினைத்து டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் பக்கம் போகாதீர்கள். அவை மாரடைப்பு ஆபத்தைக் கூட்டும்.