கலம் உடைந்த பிறகு வந்த ஓசை

தோல்வியில் முடிந்த ராக்கெட் ஏவுதலை நேரில் கண்டவர்கள் அந்த அனுபவத்தை எழுதலாம் என்று இங்கே கேட்டிருந்ததால் இதைப் பகிர்கிறேன். 2006 ஜூலை 10 அன்று, இன்சாட்-4சி செயற்கைக்கோளைச் சுமந்து ஜிஎஸ்எல்வி-எஃப்02 ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்படுவதைக் காணச் சித்தப்பாவோடு பழவேற்காட்டுக் கடற்கரைக்குப் போயிருந்தேன். 2,168 கிலோ எடையும் 12 கேயூ அலைவரிசை டிரான்ஸ்பாண்டர்களும் (சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவிகள்) கொண்ட அந்தச் செயற்கைக்கோளால், வீட்டுக் கூரையின் சிறு டிஷ்ஷுக்கே நேராக வரும் டிடிஎச் ஒளிபரப்பு பெருகப்போகிறது என்ற செய்தியை நாளிதழிலிருந்து வெட்டி நோட்டில் ஒட்டியும் வைத்திருந்தேன்.

மாலை 5.38 மணிக்கு, வடக்கே அடிவானத்தில் ஆரஞ்சு நிறப் பொறி ஒன்று எழுந்தது. வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தவர்கள்கூட நெற்றியில் கை வைத்து நிமிர்ந்து பார்த்தார்கள், நாங்கள் கைதட்டினோம். ஒரு நிமிடம் ஏறியிருக்கும், நெருப்பு சாய்ந்து, பிய்ந்து, பல புகைக்கோடுகளாகக் கடலை நோக்கி இறங்கியது. ஏவுதளம் முப்பது கிலோமீட்டருக்கும் அப்பால் இருப்பதால், கலம் புறப்பட்டபோது எழுந்த உறுமல் எங்களை வந்தடைய ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் பிடித்தது. வானத்தில் கலம் இல்லாமல் போன பிறகுதான் அது கிளம்பிய ஓசை எங்கள் காதில் விழுந்தது. கரையில் ஏற்றி வைத்திருந்த படகின் விளிம்பைப் பிடித்திருந்த என் கையில் அந்த அதிர்வு தெரிந்தது. "அவ்வளவுதானாப்பா?" என்றார் சித்தப்பா. எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

தோல்விக்கான காரணத்தை ஆராய்ந்த குழுவின் முடிவுகளைப் பின்னர் தேடிப் படித்தேன். பக்கவாட்டில் பொருத்தப்பட்ட நான்கு திரவ எரிபொருள் எந்திரங்களில் ஒன்று, கலம் தரையை விட்டு எழும்பிய 0.2 நொடியிலேயே உந்துவிசையை இழக்கத் தொடங்கிவிட்டதாம். அந்த எந்திரத்தில் எரிபொருள் ஓட்டத்தை ஒழுங்குபடுத்தும் ரெகுலேட்டரின் தயாரிப்பில் நேர்ந்த பிழை ஒன்று, எல்லாச் சோதனைகளிலும் அகப்படாமல் தப்பியிருந்தது. எஞ்சிய மூன்றைக் கொண்டு கலம் தன்னைத் தானே நிமிர்த்திக்கொண்டு சுமார் 50 நொடிகள் தாக்குப்பிடித்திருக்கிறது. அதன் பிறகே காற்றின் விசை தாளாமல் உடைந்தது. ஆக, நாங்கள் கைதட்டிய நேரமெல்லாம் அது ஒரு கை ஒடிந்த நிலையில் ஏறியிருக்கிறது. இதைத்தான் என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

அழிந்துபோன இன்சாட்-4சிக்கு மாற்றாகச் செய்யப்பட்ட இன்சாட்-4சிஆர், 2007 செப்டம்பர் 2 மாலை ஜிஎஸ்எல்வி-எஃப்04 மூலம் ஏவப்பட்டபோதும் இருவரும் அதே கரைக்குப் போனோம். இம்முறை யாரும் அவசரப்பட்டுக் கைதட்டவில்லை. ஓசை வந்து சேர்ந்தது. நெருப்பு இன்னும் மேலே ஏறிக்கொண்டிருந்தது.