உதவி: படத்துக்கு விளக்கம் எழுதியும் "படம்" என்று மட்டும் வாசிக்கிறது

பூக்கல்_ஆத்தங்குடி:
அவசரம். பார்வையில்லாத வாடிக்கையாளர் ஒருவர் வீடு கட்டுகிறார். எங்கள் ஆத்தங்குடித் தரைக்கல் படங்களுக்கு மாற்று உரை, அதாவது படத்தில் என்ன இருக்கிறது என்று போன் வாசித்துச் சொல்லும் விளக்கம், கேட்டார். எட்டுப் படத்துக்கும் உட்கார்ந்து எழுதினேன். அவர் போனில் "படம்" என்று மட்டும்தான் வருகிறதாம். என்ன செய்ய?

கொட்டான்கடை:
எந்த ஆப்? அவருடையது ஆண்ட்ராய்டா, ஐபோனா? ஒன்றுமே சொல்லவில்லையே.

தேவகோட்டை_தம்பி:
தமிழ்க் குரல் இறக்கியிருக்க மாட்டார் அண்ணே. ஆண்ட்ராய்டில் திரையை வாசித்துச் சொல்லும் டாக்பேக் என்றால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

கொட்டான்கடை:
"படம்" என்று தமிழில் சொல்கிறதே தம்பி! போன வாரம் சார்ஜ் ஏறாததற்கும் குரலைத்தானே சொன்னீர்கள்.

வலைமூத்தோன்:
இணையப் பக்கம் எழுதும் மொழியான எச்டிஎம்எல்லில், 1997-இல் வந்த 4-ஆம் பதிப்பிலேயே படத்துக்கு ஆல்ட், அதாவது இந்த மாற்று உரை, கட்டாயம். இதெல்லாம் அடிப்படை. கேட்பதற்கு முன் கொஞ்சம் படித்துவிட்டு வரலாம். என்ன எழுதினீர்கள், அதையாவது போடுங்கள்.

பூக்கல்_ஆத்தங்குடி:
"படம்: அழகான ஆத்தங்குடிக் கல்". எட்டுக்கும் அதேதான்.

செவிவழி:
நான் திரைவாசிப்பான் வைத்துப் படிப்பவன். "படம்" என்பதை அதுவே சொல்லிவிடும், நீங்கள் எழுத வேண்டாம். "அழகான" என்பதை வைத்து நான் எப்படிக் கல் தேர்ந்தெடுப்பது? இப்படி எழுதுங்கள்: "அரக்குச் சிவப்புத் தரையில் மஞ்சள் பூ. நான்கு கல் சேர்ந்தால் ஒரு பூ. ஓரத்தில் கறுப்புக் கோடு." படத்துக்குள் எழுத்து இருந்தால் அதையும் அப்படியே எழுத வேண்டும்.

தேவகோட்டை_தம்பி:
பார்வையில்லாதவருக்கு நிறம் எதற்கு?

செவிவழி:
எனக்கு இருபது வயதுவரை கண் தெரிந்தது, தம்பி. தெரியாமலே பிறந்திருந்தாலும் வீட்டுக்கு என்ன நிறம் என்று நாலு பேர் கேட்பார்களே.

கானாடுகாத்தான்_ஆச்சி:
ஐந்தாவது படத்தில் முற்றம் தெரிகிறது. "வளவு" என்று எழுதப்பா.

வலைமூத்தோன்:
வெளியூர்க்காரருக்கு வளவு புரியாது. முற்றம் போதும்.

கானாடுகாத்தான்_ஆச்சி:
முற்றம் வானம் பார்த்த இடம். வளவு அதைச் சுற்றிய பத்தியும் அறைகளும் சேர்ந்தது. எச்டிஎம்எல் உங்களுக்குத் தெரியும், வீடு எனக்குத் தெரியும்.

கொட்டான்கடை:
ஆச்சி, அதை அப்புறம் பார்க்கலாம். கேட்டவர் எங்கே? எந்த ஆப்பில் எழுதினீர்கள்?

பூக்கல்_ஆத்தங்குடி:
மன்னிக்கவும், பட்டறையில் கண்ணாடித் தட்டில் சாயம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள், விட்டு வர முடியவில்லை. இன்ஸ்டாகிராமில் எழுதினேன். அவருக்கு அந்தப் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

கொட்டான்கடை:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால்! நீங்கள் எழுதியது இன்ஸ்டா பதிவோடு இருக்கிறது, போட்டோ கோப்போடு போகாது. வாட்ஸ்அப்பில் தனியாக மாற்று உரை எழுத இடமும் இல்லை. பதிவின் லிங்க்கை அனுப்புங்கள், இல்லாவிட்டால் படத்தின் கீழேயே விளக்கத்தைத் தட்டச்சு செய்யுங்கள். பழைய உரையை மாற்ற, பதிவின் மூன்று புள்ளியைத் தொட்டு எடிட் போனால் படத்தின் மேலேயே ஆல்ட் டெக்ஸ்ட் வரும்.

தேவகோட்டை_தம்பி:
எதற்கும் குரலையும் ஒருமுறை பாருங்கள்.

பூக்கல்_ஆத்தங்குடி:
மாற்றி எழுதி லிங்க் அனுப்பினேன். வாசிக்கிறதாம். மூன்றாவது கல்லில் கறுப்புக் கோடு வேண்டாமாம், விலை எங்கே என்கிறார்.