500 இணைப்புக்கு 35,000 ரூபாய்: கொடுக்கலாமா?

குட்டான்கடை:
பனங்கட்டி, மிளகாய்த்தூள், பனங்கிழங்கில் செய்கிற ஒடியல், புழுக்கொடியல் விற்கிறோம். கடை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட. ஆனால் காசு வருவது பெரும்பாலும் வெளியில் இருந்துதான். கனடாவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் தளத்தில் ஓடர் போட்டு, ஊருக்கு வந்து திரும்புகிற யாரிடமாவது கொடுத்துவிடச் சொல்வார்கள். போன வருடம் தளத்தைப் புதிதாகச் செய்தோம். வடிவாகத்தான் இருக்கிறது, ஆனால் அதற்குப் பிறகு கூகிளில் எங்களைக் காணவில்லை. மூன்றாம் பக்கத்துக்குப் போனாலும் இல்லை. நேற்று ஒருவர் போன் எடுத்து, 35,000 ரூபாய் தந்தால் 500 தளங்களில் இருந்து எங்கள் தளத்துக்கு இணைப்பு (லிங்க்) வாங்கித் தருகிறேன், முதல் பக்கம் நிச்சயம் என்கிறார். கொடுக்கலாமா?

கொக்குவிலான்:
500 வேண்டாம் அக்கா. அதே காசுக்கு நல்லதாக 30 வாங்குங்கள். வாங்கவே கூடாது என்று இங்கே சிலர் பிரசங்கம் வைப்பார்கள், காதில் போடாதீர்கள். கூகிள் எழும்பியதே இணைப்பில்தான். 1998இல் ஸ்டான்ஃபோர்டில் லாரி பேஜும் செர்கே பிரின்னும் எழுதியது அதைத்தான்: ஒரு பக்கத்துக்கு வருகிற இணைப்பு, அதற்கு விழுகிற வாக்கு மாதிரி. முன்னுக்கு நிற்கிற கடைகள் வாங்கித்தான் நிற்கின்றன. யாராவது தானாகத் தருவார்கள் என்று இருப்பது, பனங்கொட்டையைப் புதைத்துவிட்டு நுங்குக்குப் பாத்திரம் கழுவி வைக்கிற கதை.

பழைய அச்சகம்:
நுங்குக் கதை நல்லாயிருக்கிறது தம்பி. ஆனால் 1998 கதையைப் பாதியில் விட்டுவிட்டீர். அந்தக் கணக்கில் எல்லா வாக்கும் ஒரே எடை இல்லை. வாக்குப் போடுகிற பக்கத்துக்கு யார் யார் வாக்குப் போட்டிருக்கிறார்கள் என்றும் பார்க்கும். அந்தப் பக்கம் ஆயிரம் பேருக்கு இணைப்புக் கொடுத்திருந்தால் அதன் எடை ஆயிரமாகப் பிரியும். காசுக்கு இணைப்பு விற்கிற தளம் யாருக்குத்தான் விற்காது? சூதாட்டம் ஒரு பக்கம், மெலிய வைக்கிற மாத்திரை மறுபக்கம், நடுவில் தங்கச்சியின் புழுக்கொடியல்.

நான் சூடுபட்டவன். 2011இல் ஒரு தங்குவிடுதித் தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நானே காசு கொடுத்து இணைப்பு வாங்கினேன். ஐந்தாறு மாதம் முதல் பக்கம், எனக்கோ தலைகால் தெரியவில்லை. 2012 ஏப்ரலில் கூகிள், இப்படி வாங்கின இணைப்புகளைப் பிடிக்கிற பென்குயின் என்ற மாற்றத்தை விட்டது. அடுத்த கிழமை அந்த விடுதியின் பெயரைப் போட்டால் மட்டும்தான் தளம் வந்தது. ‘இந்த இணைப்புகளைக் கணக்கில் எடுக்காதே’ என்று கூகிளுக்குப் பட்டியல் கொடுக்கிற வசதி ஒக்டோபரில்தான் வந்தது. விற்றவருக்கு மின்னஞ்சல் போட்டு அழிக்கச் சொன்னால், அழிப்பதற்கும் காசு கேட்டார்!

கொக்குவிலான்:
அண்ணை, அது பழைய பென்குயின். 2016 செப்டெம்பருக்குப் பிறகு அது தளத்தைக் கீழே தள்ளுவதில்லை, கெட்ட இணைப்பைக் கணக்கில் எடுக்காமல் விடுகிறது. அவ்வளவுதான். ஏன் அக்காவைப் பயம் காட்டுகிறீர்கள்?

பழைய அச்சகம்:
சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். கணக்கில் எடுக்காத சாமானுக்கு 35,000 எதற்கு?

தவிர, கூகிளின் ஆட்களே பார்த்துத் தண்டிக்கிற முறை இன்னும் போகவில்லை. காலாவதியான டொமைனை (தளத்தின் விலாசப் பெயரை) வாங்கி அதன் பழைய மதிப்பில் பிழைப்பதையும் 2024 மார்ச்சில் விதிமீறல் என்று எழுதிவிட்டார்கள். உம்முடைய ‘நல்ல 30’இல் எத்தனை அந்த வகை என்று விற்பவரிடம் கேட்டுப் பாரும்.

நெடுந்தீவுக் குதிரை:
இணைப்பை விடுங்கள். கூகிள் மேப்பில் கடையைப் பதிந்து, படம் போட்டு, வாங்கினவர்களை நாலு வரி எழுதச் சொல்லுங்கள். என் சைக்கிள் வாடகைக் கடைக்கு எந்தத் தளத்தில் இருந்தும் இணைப்பு இல்லை. நல்லூர்த் திருவிழா 25 நாளும் ஒரு சைக்கிள் மிஞ்சாது.

குட்டான்கடை:
மேப்பில் இருக்கிறோம். ஆனால் அது கிட்ட நிற்பவருக்குத்தானே காட்டும்? ரொறொன்ரோவில் இருந்து தேடுகிறவருக்குத் திருநெல்வேலி கிட்டவா?

நெடுந்தீவுக் குதிரை:
அது சரிதான். அதில் தூரமும் ஒரு கணக்கு. உங்கள் விஷயம் வேறு.

ஸ்காபரோ மருமகள்:
நான் உங்களிடம் வாங்குகிற ஆள், இந்த பென்குயின் எல்லாம் விளங்காது. இரண்டு விஷயம் சொல்கிறேன். போன மாதம் கூழ் காய்ச்ச ஒடியல் மா தேடினேன். புழுக்கொடியலை அரைத்தால் சரிவருமா என்று எனக்குச் சந்தேகம், மாமியிடம் கேட்க வெட்கம். உங்கள் தளத்தில் இரண்டுக்கும் விலை மட்டும்தான் இருக்கிறது. கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல் என்று கடைசியில் வேறு யாரோ எழுதியதில் படித்தேன்.

இரண்டாவது, எங்கள் பழைய மாணவர் சங்கத் தளத்தில் ‘ஊர்ச் சாமான் வாங்க’ என்று உங்கள் கடைக்கு லிங்க் இருக்கிறது. அழுத்தினால் ‘பக்கம் இல்லை’ என்று வருகிறது. கடையை மூடிவிட்டீர்கள் என்றே நினைத்தேன்.

பழைய அச்சகம்:
தங்கச்சி, எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இதைப் பாரும். புதுத் தளம் செய்தபோது பக்கங்களின் விலாசம் மாறியதா? தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகிள் தருகிற சேர்ச் கொன்சோலில் ‘இணைப்புகள்’ என்று ஒரு பகுதி உண்டு, காசில்லை. யார் எந்தப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள் என்று அதில் வரும்.

குட்டான்கடை:
பார்த்தேன். பழைய ஒடியல் பக்கத்துக்கு மூன்று தளங்களில் இருந்து இணைப்பு இருக்கிறது. மருமகளின் சங்கம், ஜேர்மனியில் இருந்து வந்து பனங்கட்டி காய்ச்சுவதைப் படம் எடுத்துப் போன ஒரு பயணக்காரர், ஒரு சமையல் பக்கம். மூன்றும் இப்போது எங்கும் போகவில்லை. தளம் செய்த பொடியன் சொல்லவே இல்லை. ஏன் என்று கேட்டால், ‘நீங்கள் கேட்கவில்லையே’ என்கிறான்.

பழைய அச்சகம்:
பழைய விலாசம் ஒவ்வொன்றையும் அதே விஷயம் உள்ள புதுப் பக்கத்துக்கு 301 என்ற குறியீடு போட்டு நிரந்தரமாகத் திருப்பச் சொல்லும். எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பினால் பிரயோசனம் இல்லை.

கொக்குவிலான்:
நல்ல விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் இது தொலைத்ததைத் தேடி எடுப்பது. அதற்கு மேலே எப்படி ஏறுவது? சங்க மலருக்கு விளம்பரம் கொடுக்கச் சொல்வீர்கள், தளத்திலும் லிங்க் போடுவார்கள். அதுவும் காசு கொடுத்து வாங்கின இணைப்புத்தானே அண்ணை?

பழைய அச்சகம்:
ஓம், காசுக்கு வாங்கினதுதான். கூகிள் விதிப்படி அதைக் காட்டுகிற ஒரு குறி இணைப்பில் இருக்க வேண்டும், இதற்கென்றே ‘ஸ்பொன்சர்ட்’ என்ற குறியை 2019இல் கொண்டுவந்தார்கள். குறி போட்டால் வாக்கு விழும் என்று நம்பவும் முடியாது. ஆனாலும் கொடுக்கலாம் என்பேன், அதைப் பார்க்கிறவர் ஒடியல் வாங்குகிற ஆள். உம்முடைய 30 தளத்தில் ஒடியல் என்றால் என்னவென்று தெரிந்த ஒருவராவது இருப்பாரா?

கொக்குவிலான்:
இருக்க மாட்டார். ஆனால் முன்னுக்கு நிற்கிற கடைக்கு இருக்கிற இணைப்பிலும் அப்படி ஒருவர் இல்லை. அவர்கள் நிற்கிறார்களே! ஆறு மாதம் கழித்து வந்து கேட்கிறேன்.

குட்டான்கடை:
301 போட்டாச்சு. ஒடியல், புழுக்கொடியல் வித்தியாசத்தை அம்மாவைக் கொண்டு சொல்லவைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். பதநீர் புளிக்காமல் இருக்க முட்டிக்குள் சுண்ணாம்பு பூசுவதில் இருந்து பனங்கட்டி போடுகிற ஓலைக் குட்டான் இழைப்பது வரை பனங்கட்டிக்கும் ஒரு பக்கம் வரும். கிழங்கு கிண்டுகிற படத்துக்குத் தை வரை பொறுக்க வேண்டும். எழுதி முடித்ததும் அந்த ஜேர்மன்காரருக்கு அனுப்பலாம் என்று இருக்கிறேன். இணைப்புத் தாருங்கள் என்று கேட்க மட்டும் கூச்சமாக இருக்கிறது.

காலையில் அந்த 500 இணைப்பு ஆள் திரும்பவும் எடுத்தார். இப்போது 25,000 என்கிறார்.