மறு: ‘சினாரியோ’வுக்கு ஒரு சொல், அதை எழுதுகிறவருக்கும் ஒரு சொல்

அன்பின் குழுவினருக்கு,

எதிர்காலம் எப்படியெல்லாம் அமையலாம் என்று எழுதிப் பார்ப்பதுதான் ‘சினாரியோ’. பிள்ளைகளுக்கான நம் கைநூலில் அதற்கும், அதை எழுதுகிறவருக்கும் என்ன தமிழ்ச் சொல் போடுவது என்பதுதான் பேச்சு.

பண்டாரவளை சேர் எழுதியது:

> ‘எதிர்வுகூறல்’ பாடநூலிலேயே இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பழகிய சொல். ‘எதிர்வுகூறுநர்’ என்று போட்டால் முடிந்தது. ஏன் புதிதாக ஒன்றைத் தேடி அலைகிறோம்?

நாளைய மழைக்கு நல்ல சொல்தான் சேர். மண்சரிவுக்கும் சரி. 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் கவனம், 100 என்றால் ஆயத்தம், 150 என்றால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு லயத்தை (தோட்டத்து வரிசை வீட்டை) விட்டு இறங்க வேண்டியதுதான். அங்கே ஒருவர் கூறுகிறார், மற்றவர் கேட்டு நடக்கிறார். ‘கூறல்’ அந்த இடத்துக்குப் பொருத்தம். நம்முடைய கைநூலில் வருகிறவர்கள் கூறுகிறவர்கள் இல்லை. எனக்கு இடிப்பது அதுதான்.

அவர்கள் யார் என்று பாருங்கள். ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் 1948 இல் கலிபோர்னியாவின் சாண்டா மோனிக்காவில் தனி நிறுவனமானது. அங்கே ஓலாஃப் ஹெல்மர், நோர்மன் டால்கி இருவரும் 1950களில் டெல்பி முறையை உருவாக்கினார்கள். நிபுணர்களை ஒரே மேசையில் உட்கார வைப்பதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கேள்வித்தாள் போகும். வந்த விடைகளைத் தொகுத்து, யார் எழுதியது என்று காட்டாமல், திரும்பவும் அவர்களுக்கே அனுப்புவார்கள். நடுவிலிருந்து விலகி நிற்பவர் காரணம் எழுத வேண்டும். பிறகு இன்னொரு சுற்று. பெரியவர் வாய் திறந்ததும் மற்றவர்கள் அந்தப் பக்கம் சாய்ந்துவிடாமல் இருக்கத்தான் இத்தனை ஏற்பாடும். தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும். 1964 இல் ஹெல்மரும், ஏவுகணைப் பொறியியலாளரான தியோடர் கோர்டனும் இந்த முறையில் ஆறு துறைகளைப் பற்றிக் கேட்டு அறிக்கை வெளியிட்டார்கள். சனத்தொகை, தன்னியக்கம், விண்வெளி, போர்த் தடுப்பு எல்லாம் அதில் உண்டு. கிடைத்தது ஒற்றை விடை இல்லை, கருத்துகளின் பரவல்.

தலவாக்கலை டீச்சர் டெல்பிக்கு ‘குறிகேட்பு முறை’ என்று எழுதியிருந்தார். கிரேக்கக் கோயிலில் குறி சொன்ன இடம் டெல்பி என்பதால் மொழிபெயர்ப்பு சரிதான். ஆனால் அந்தப் பெயரில் ஏதோ அருள்வாக்கு வாடை அடிக்கிறது என்று டால்கியே பிற்காலத்தில் மனம் சலித்திருக்கிறார். நம் பக்கம் கோடாங்கி இன்னும் உடுக்கை அடிக்கிறார். பிள்ளைகள் பக்கத்தைப் புரட்டியதும் சிரிப்பார்கள். ‘டெல்பி முறை’ என்றே விட்டுவிட்டு, விளக்கத்தில் ‘பெயர் மறைத்த சுற்றுக்கருத்து’ என்று எழுதலாம்.

அடுத்தது சினாரியோ. ராண்டில் இருந்த ஹெர்மன் கான் ஒரு பௌதிகவியலாளர். அணுவாயுதப் போர் எப்படித் தொடங்கலாம், எங்கே திரும்பலாம் என்று பல விதமாக எழுதிப் பார்த்தவர். அவருடைய வட்டத்துக்கு இந்தச் சொல்லைக் கொடுத்தவர் லியோ ரோஸ்டன் என்ற நகைச்சுவை எழுத்தாளர். சினிமாக்காரர்களின் சொல், ஹொலிவுட்டும் கூப்பிடு தூரம்தான். ஆகவே ‘திரைக்கதை’ என்று கேலியாக எழுதிய தம்பி, தெரிந்தோ தெரியாமலோ வேரைத் தொட்டுவிட்டார்! இருந்தாலும் அது வேண்டாம். ‘சூழ்நிலை’ இன்றைக்கு இருப்பதைச் சொல்கிறது. ‘காட்சிநிலை’ எதையும் சொல்லவில்லை.

என் பரிந்துரை ‘வருநிலை’. வினைத்தொகை, காலம் கரந்தது. ‘வரும்’ என்று சத்தியம் செய்யாது, வரக்கூடியது என்பதோடு நின்றுவிடும். ‘வருநிலைகள்’ என்று பன்மையில் வைத்தால்தான் இந்த ஆட்களின் வேலைக்கு நேர்மையாக இருக்கும். எழுதுகிறவர் ‘வருநிலையாளர்’.

பன்மை ஏன் முக்கியம் என்பதற்கு நம் இலங்கை மலைநாட்டையே காட்டலாம். கோப்பி இலை நோய் 1869 இல் கண்ணில் பட்டுவிட்டது. அப்படியிருந்தும் 1870கள் முழுக்கத் துரைமார் (வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள்) காட்டை வெட்டிக் கோப்பி நட்டார்கள். விலை ஏறும் என்பது அவர்கள் கணக்கு. கணக்குப் பொய்க்கவில்லை, விலை ஏறத்தான் செய்தது. பறிக்கத்தான் ஆரோக்கியமான செடி இல்லை. 1880களின் இறுதிக்குள் கோப்பி ஓய்ந்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867 இலேயே லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்ததால் மாற்றிக்கொள்ள ஒரு வழி இருந்தது. சரியான ஓர் எதிர்வுகூறலை மட்டும் பிடித்துக்கொண்டு மலைநாடே கவிழ்ந்தது என்று பிள்ளைகளுக்குச் சொன்னால் பிடிபடும்.

ராண்டின் இன்றைய ஆட்களும் இதைத்தான் கணினியில் செய்கிறார்கள். 2001 இல் அங்கே பார்டீ பெயரில் நெடுங்கால உலகக் கொள்கை மையம் தொடங்கியது. பணம் கொடுத்த பிரெடரிக் பார்டீ, முன்பு ராண்டிலேயே வேலை பார்த்தவர். ரொபர்ட் லெம்பர்ட், ஸ்டீவன் பொப்பர், ஸ்டீவன் பாங்க்ஸ் மூவரும் 2003 இல் அடுத்த நூறு ஆண்டுகளைப் பற்றி எழுதினார்கள். என்ன நடக்கும் என்று அவர்கள் கேட்கவில்லை. ஏராளமான வருநிலைகளை ஓடவிட்டு, எந்தத் தீர்மானம் அவற்றில் பெரும்பாலானவற்றில் தாக்குப்பிடிக்கிறது என்று பார்த்தார்கள். பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டு, மண் தேற ஒன்றரை இரண்டு வருஷம் மானாப்புல் வளரவிட்டு, பிறகு எந்த இனத்தை நடுவது என்று யோசிக்கிறவருக்கும் இதே தலையிடிதான். அந்தச் செடி அவர் ஓய்வு பெற்ற பிறகும் மலையில் நிற்கும்.

ஹட்டனிலிருந்து.

---

பண்டாரவளை சேர்:

> ‘வருநிலை’ என்றால் வருகைப் பதிவு மாதிரிக் கேட்கிறதே? தோட்டத்துப் பிள்ளைகள் செக்ரோலை (தொழிலாளர் வருகைப் புத்தகத்தை) நினைக்க மாட்டார்களா? குறளில் ‘ஆவது அறிவார்’ இருக்கிறது, தொல்காப்பியத்தில் மூன்று காலமும் உணர்ந்த ‘அறிவன்’ இருக்கிறார். அவர்களை விட்டுவிட்டு…

தலவாக்கலை டீச்சர்:

> ‘வருநிலையாளர்’ எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு சந்தேகம். அதே 1964 இல்தான் மலையகத் தமிழரை இந்தியாவும் இலங்கையும் பங்கிட்டுக்கொண்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, 150,000 பேரைப் பிறகு பார்ப்போம், எல்லாம் 15 வருஷத்தில் என்று எழுதினார்கள். அதுவும் நீண்டகாலக் கணக்குத்தானே. அவர்களும் வருநிலையாளர்களா?

---

சேர், தோட்டத்தில் வருகைக்குப் ‘பேர்’ என்றுதான் வழக்கு. பேர் போட்டாச்சா, அரைப் பேரா என்றுதான் கேட்பார்கள். குழப்பம் வராது. ‘அறிவன்’ மிகப் பெரிய சொல். தெரியாது என்று ஒப்புக்கொண்டு வேலையைத் தொடங்குகிறவர்களுக்கு அதைச் சூட்டினால் அவர்களே கூச்சப்படுவார்கள்.

டீச்சர், இல்லை. அவர்கள் ஒரே நிலையை எழுதி, அதற்கு ஆட்களைப் பங்கிட்டவர்கள். அது தீர்மானம். சம்பந்தப்பட்டவர்களிடம் ஒரு சுற்றுக் கேள்வித்தாள்கூடப் போகவில்லை. ஆனால் உங்கள் கேள்வியைக் கைநூலில் சேர்ப்போம், வரைவிலக்கணத்துக்கு எல்லை அதுதான். பதிவை இப்படிப் போடுகிறேன்:

வருநிலை: எதிர்காலம் எடுக்கக்கூடிய வடிவங்களில் ஒன்று, காரணங்களோடு எழுதப்பட்டது. தனியாக வராது. ஒன்று மட்டும் இருந்தால் அது எதிர்வுகூறல் அல்லது திட்டம்.

வருநிலையாளர்: இவற்றைத் தொகுத்து ஒப்பிடுகிறவர். எதைத் தெரிவது என்று முடிவெடுப்பவர் வேறு.

மாற்றுக் கருத்து இருந்தால் ஞாயிறுக்குள் எழுதுங்கள். ‘ஹெல்மர்’ என்று எழுதுவதா ‘கெல்மர்’ என்று எழுதுவதா என்ற கிரந்தச் சண்டையைத் தயவுசெய்து வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள்.